மாமியார் ஏற்காத விரல்

"உன் ரேகையெல்லாம் எங்கம்மா போச்சு?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரை. புத்தகம் பைண்டிங் செய்யும் அந்தக் கூடத்தில் மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வாசலருகே இருந்த வருகைப்பதிவு மெஷின் ஏழாவது தடவையாக, "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. என்ன செய்தாலும் திருப்திப்படாது என்பதால் அதற்கு அங்கே 'மாமியார்' என்று பெயர்.

வலது கையில் எந்நேரமும் பசை ஒட்டியிருக்கும் என்பதால் எல்லோருக்கும் இடது ஆள்காட்டி விரலைத்தான் பதிவு செய்திருந்தார்கள். மேனேஜர் மட்டும் விரலே வைக்க மாட்டார். ஒரு நம்பரை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "பெரிய மனுஷன் விரல் பாரு, வச்சா தேஞ்சு போயிடும்!" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள், பசை தடவும் அக்கா.

"கையைக் காட்டு."

காட்டினாள். நான்கு விரல் நுனிகளும் காய்த்து, மழமழவென்று இருந்தன.

"வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன் சார். அதான்..."

"இடது கையால?"

"ரெண்டு கையாலயும்."

"அப்ப வலது கை மட்டும் எப்படித் தப்பிச்சுது? கட்டை விரல் வேற புதுசா வாங்கின மாதிரி இருக்கு. கட்டை விரலை மடக்கி வச்சுக்கிட்டா தேய்ப்பே?"

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

காரணம் பாத்திரம் இல்லை. கிட்டார். தனக்குக் கல்யாணமானதும் அவள் அண்ணன் பரண்மேல் போட்டுவிட்ட கிட்டார். வீட்டில் வாசித்தால் குழந்தை விழித்துக்கொள்ளும், பின்னாலேயே அண்ணி விழித்துக்கொள்வாள். அதனால் அதை ஸ்டோர் ரூமில் அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள். அட்டை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சாவியும் அவளிடம்தான். மதியம் நாலு வாய் அவசரமாக விழுங்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பாடம்? அதுவும் அங்கேயே கிடைத்தது. போன வருஷம் பைண்டிங்குக்கு வந்த கிட்டார் பாடப் புத்தகத்தில் வீணான தாள்களைப் பொறுக்கி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து துரத்தியதே கணக்குப் பாடத்தின் அரையும் காலும்தான். இங்கேயும், ஸ்வரங்களுக்கு நடுவே, அதே அரை! முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. முழு என்றால் கம்பியில் இரண்டு கட்டம், அரை என்றால் ஒன்று. எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் அதே ஏழு படிகள், அதே பாட்டு. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க ஆரம்பிச்சாலும் வருதுக்கா!"

"என்னடி வருது? வாந்தியா?"

"ராகம்க்கா!"

"நல்லா வந்துது போ. பக்கத்து ரூம்ல அந்த ஆளு சுவத்தைத் தட்டறது கேக்கலையா உனக்கு? சாப்பிடற நேரத்துல டொய்ங் டொய்ங்னா யாருக்குத் தொண்டையில எறங்கும்? ஒருநாள் இடிச்சிக்கிட்டே உள்ள வரப்போறாரு, பாரு."

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டொக், டொக், டொக், டொக். ஸ்டோர் ரூமை ஒட்டி மேனேஜர் அறை. அவள் அவசரப்பட்டு ஓட்டினால் தட்டல் பலக்கும். பயந்துபோய் மெதுவாக வாசித்தால் அடங்கிவிடும். பாட்டு முழுவதையும் வாசிக்கவே தைரியம் வரவில்லை. ஜி மேஜர் என்ற விரல் பிடியிலிருந்து சி மேஜர் பிடிக்கு விரல்கள் தாவித் தடுமாறும் ஒரே இடத்தை மட்டும், மெதுவாக, இருபது தடவை வாசிப்பாள். மறுநாளும் அதே இருபது. மூன்றாம் மாதம் அந்த இடம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தட்டலும் நின்றுவிட்டது.

"ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் மேனேஜர்.

"எங்கிட்டதான் சார்."

"கொடு."

அவள் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"சார், இனிமே சத்தமே வராம வாசிக்கிறேன் சார். கம்பிக்கு அடியில துணி வச்சுக்கறேன். அதை விட்டா எனக்கு வேற எடம் இல்ல சார்."

அவர் நீட்டிய இடது கையை மடக்கவில்லை. சாவியை அதில் வைத்தாள். அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வலது கையால் மெஷினில் எதையோ டக்டக்கென்று அழுத்தினார். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு எண்களை எழுதி அவளிடம் நீட்டினார்.

"நாளையிலேருந்து உனக்கு இந்த நம்பர். விரல் வேணாம்."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நம்பர் ஆபீசருங்களுக்கு மட்டும்னு அக்கா சொன்னாங்களே சார்?"

மேனேஜர் அதுவரை யாருமே பார்த்திராத ஒன்றைச் செய்தார். இடது ஆள்காட்டி விரலை நீட்டி மெஷினில் வைத்தார்.

"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மாமியார்.

அந்தக் கையை அவள் முன்னால் விரித்தார். நடுவில் ஸ்டோர் ரூம் சாவி. சுற்றிலும் நான்கு விரல் நுனிகள், அவளுடையதைப் போலவே காய்த்து, மழமழவென்று.

அவள் சாவியை எடுத்துக்கொண்டதும், தன் நம்பரை அழுத்திவிட்டு, படியிறங்கிப் போனார். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, சுவரில் தட்டிய அதே தாளத்தில், அவள் இருபது தடவை வாசித்த அதே வேகத்தில்: டொக், டொக், டொக், டொக்.