சனிக்கிழமை நீச்சல்

"ஊத்தடா, கெதியா ஊத்து! தலை காய்ஞ்சு கிடந்தா அக்கா கண்டுபிடிச்சிடுவா!"

கார்த் தரிப்பிடத்தில் குனிந்து நின்று கத்தினான் அருந்தவன். அவனுடைய அக்கா மகன் கீர்த்தனன் தண்ணீர்ப் போத்தலோடு சிரித்துக் குலுங்கினான். பாதித் தண்ணீர் மாமனின் கழுத்துக்குள் இறங்கியது. மாமன் சும்மா விடுவானா? போத்தலைப் பறித்து மிச்சத்தை மருமகனின் தலையில் கவிழ்த்தான்.

ஒருவனுக்கு வயது முப்பத்திமூன்று. மற்றவனுக்குப் பத்து. தூரத்தில் நின்று பார்த்தால் யார் மாமன், யார் மருமகன் என்று சொல்வது கஷ்டம்.

நீச்சல் வகுப்பு நடந்த அந்த ஒரு மணி நேரமும் இருவரும் ட்ராம்போலின் பார்க்கில் குதித்துவிட்டு வந்திருந்தார்கள். போன சனிக்கிழமை சிப்ஸ் கடை. அதற்கு முந்திய சனிக்கிழமை, காருக்குள் இருந்தபடியே வீடியோ கேம்.

"போன கிழமை தலை துடைக்கிற துவாயை அம்மா மணந்து பாத்தவ மாமா. குளோரின் வாசமே வரேல்லையெண்டவ."

"அதுக்குத்தானே மாமா ஐடியாவோட வந்திருக்கிறன்!"

காரின் பின்பக்கத்திலிருந்து அருந்தவன் ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்தான். வீட்டில் உடுப்பு வெளுக்க வைத்திருக்கும் பிளீச்.

"மாமா, திஸ் இஸ் எ வெரி பேட் ஐடியா."

"நாலே நாலு சொட்டு. துவாயில மட்டும்."

நாலு சொட்டு நாற்பதாயிற்று.

கீர்த்தனன் துவாயை அவசரமாகச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். பள்ளி விடுமுறைக்கு மாமாவும் அவனும் காரிலேயே சிட்னி போவதாகத் திட்டம். ஹெலன்ஸ்பர்க் கோயில், பிறகு பக்கத்துக் கடற்கரையில் மூன்று நாள் கூடாரம். அப்பாவுக்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் சுரங்க வேலை. மாதத்தில் ஒரு கிழமைதான் வீட்டில் இருப்பார். கூட்டிப் போக இருந்த ஒரே ஆள் மாமாதான். அம்மா போட்டது ஒரே ஒரு நிபந்தனை:

"நீந்தத் தெரியாமல் ஒருத்தரும் கடலுக்குப் போறேல்ல. வகுப்புக்குப் போகாட்டிப் பயணமும் இல்லை."

ட்ருகனினா புறநகர் வீட்டுக் குசினியில் அக்கா நிரூபா, முதியோர் இல்லத்து வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?"

"மிதக்க" என்றான் மாமன்.

"கால் அடிக்க" என்றான் மருமகன், அதே வினாடியில்.

நிரூபா திரும்பினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பையிலிருந்த நீலத் துவாயை விரித்துப் பிடித்தாள். நடுவில் அவுஸ்திரேலியா வரைபடம் போல ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. கீழே தஸ்மேனியாகூட இருந்தது.

"இது என்ன?"

"குளத்துத் தண்ணி இண்டைக்குக் கடும் ஸ்ட்ரோங், அக்கா."

"அவ்வளவு ஸ்ட்ரோங்கெண்டா உங்கட தோலெல்லோ உரிஞ்சிருக்க வேணும்!"

மாமன் மருமகனைப் பார்த்தான். மருமகன் புட்டுக் குழலைப் பார்த்தான்.

"கோச் போன் எடுத்தவர்" என்றாள் நிரூபா. "முதல் நாளைக்குப் பிறகு ஆளையே காணேல்லையாம். இண்டைக்கும் பொய்யோட வாறியளோ எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். சிட்னியை மறந்துபோங்கோ, ரெண்டு பேரும்."

"அக்கா, பெடியனை ஏசாதேங்கோ. எல்லாம் என்ர பிழை."

"அது எனக்குத் தெரியாதே? முப்பத்திமூண்டு வயசு! இவன்ர மூளையில கால்வாசி உனக்கு இருந்தாலும் நான் நிம்மதியா வேலைக்குப் போவன். நீயெல்லாம் ஒரு பொறுப்பான..."

கீர்த்தனனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வெளியே சொல்வதில்லை என்று மாமாவோடு சின்னவிரல் கோத்துச் சத்தியம் செய்திருந்தான். சத்தியம் போகட்டும்.

"ஸ்டொப் இட், அம்மா! முதல் நாள் போனனாங்கள்தானே. மாமா குளத்துப் படியில நிண்டவர். தண்ணிக்குள்ள இறங்கவேயில்லை. பிறகு காருக்குள்ள வந்திருந்து கன நேரம் அழுதவர். அடுத்த கிழமை வாசல் கேட்டடியிலயே சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்திட்டார். வேற எங்கையாவது போவமெண்டு நான்தான் சொன்னனான்!"

நிரூபா துவாயைக் கீழே வைத்துவிட்டு, ஆவி பறந்த புட்டுக் குழலை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

தம்பி பதினெட்டு நாள் கடலில், ஒரு மீன்பிடிப் படகில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன். அந்தப் பதினெட்டு நாளைப் பற்றி யார் எப்போது கேட்டாலும் ஒரு பகிடி விட்டு நழுவிவிடுவான். நிரூபாவும் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமேடா" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"வெக்கமாயிருந்தது, அக்கா."

"வெக்கமாம். பிளீச் ஊத்தேக்க வரேல்லையோ அந்த வெக்கம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே புட்டைத் தட்டில் தள்ளினாள். "சாப்பிடு. வாற சனிக்கிழமை லீவு போடுறன். மூண்டு பேரும் போறம். நானும் படியில நிப்பன்."

சனிக்கிழமை, சொன்னபடியே கணுக்கால் நனைய நிரூபா படியில் நின்றாள்.

போன வருடமே பள்ளிக்கூடத்தில் ஐம்பது மீட்டர் நீந்திச் சான்றிதழ் வாங்கிவிட்ட கீர்த்தனன், பார்வையாளர் கதிரையில் ஏறி நின்று, "பயப்பிடாதேங்கோ மாமா, இடுப்பளவு தண்ணிதான்!" என்று கத்தினான். பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பின் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்த பயிற்சியாளர், முதல் பெயரை எழுத்துக் கூட்டிக் கூப்பிட்டார்: "அ-ருந்-த-வன்?"