நான்காவது புட்டி

கண்ணை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டார்.

ஒரு பக்க மூக்கை விரலால் அடைக்கச் சொன்னார்கள். அடைத்துக்கொண்டார்.

புட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா அதை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தார். அவர் நன்றாக இழுத்தார்.

வெறும் காற்று.

"தெரியலம்மா."

இரண்டாவது புட்டி. அதிலும் காற்றுதான்.

பதினாலு மாதமாக அவருக்கு எல்லாமே காற்றுதான். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி மாஸ்டர். கறி எடுக்க விடியற்காலையில் மொபெட்டில் போனவரைப் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. பின்மண்டை ரோட்டில் மோதியது. கைக்கு ஒன்றுமில்லை. காலுக்கு ஒன்றுமில்லை.

மூக்கு போய்விட்டது.

போனால் என்ன என்று கேட்பவர்கள் தம் போட்ட அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றதில்லை. பாதியில் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. ஓரத்தில் கசியும் ஆவியை மோந்துதான் இறக்க வேண்டும். அரிசியும் கறியும் போட யாராலும் முடியும். மாஸ்டருக்குச் சம்பளம் அந்த ஒரு மோப்பத்துக்குத்தான்.

விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு கல்யாணம் செய்தார், வேடசந்தூரில். அடி பிடித்துத் தீய்ந்து, நாற்றம் பந்தி வரைக்கும் போய்ப் பெண் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே அவர் சிவனே என்று நின்றுகொண்டிருந்தார்.

அதோடு சரி. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. வீடு இப்போது அவர் மனைவியின் மில் சம்பளத்தில் ஓடுகிறது.

இழந்த சம்பளத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். கையும் காலும் நன்றாக இருக்கிற மனுஷனுக்குச் சமைக்க என்ன கேடு என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஊமைக்காயத்தைக்கூடத் தொட்டால் வலிக்கும், இதைத் தொட்டுக் காட்டவும் வழியில்லை. பெரியாஸ்பத்திரி மெடிக்கல் போர்டில் சோதித்து எழுதி வாங்கி வரச் சொன்னார் ஜட்ஜ்.

வராந்தாவில் அவரை உட்காரவைத்து அவருடைய வக்கீலின் குமாஸ்தா சவரிமுத்து அரை மணி நேரம் ஓதியிருந்தார்.

"மாஸ்டர், எதக் காட்டுனாலும் தெரியலன்னே சொல்லணும். மூஞ்சில ஒண்ணும் காட்டிரக் கூடாது. ஒண்ணே ஒண்ணு தெரியுதுன்னு வாய் விட்டீங்க, கேஸ் ஊத்திக்கிரும்."

அவருக்குச் சிரிப்புதான் வந்தது. இல்லாததை இல்லை என்று சொல்ல ஒத்திகை எதற்கு?

மூன்றாவது புட்டி. காற்று.

நான்காவது.

சுரீரென்றது.

மூக்கின் உச்சி வரை ஏறி நெற்றிக்குள் குத்தியது. பதினாலு மாதத்தில் முதல் தடவை, மூக்குக்குள் ஏதோ ஒன்று.

வந்துவிட்டது.

எழுந்து நின்று அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அத்தனை சந்தோஷம். அண்டாவும் விறகும் ஆவியும் கண்ணுக்குள் வந்து நின்றன. கூடவே சவரிமுத்துவும் வந்து நின்றார்.

மூக்கு இனி எங்கே போய்விடப் போகிறது? வந்தது வந்ததுதான். சோறு போடும். ஆனால் போன பதினாலு மாதத்தை அது திருப்பித் தராது. அந்தச் சம்பளம் டாக்டரம்மாவின் பேனாவில் இருக்கிறது.

நாற்பது கிலோ வெங்காயத்துக்கு முன்னால் கண் கலங்காமல் உட்கார்ந்த முகம் அவருடையது. அதை எடுத்து மாட்டிக்கொண்டார். ஓர் இமைகூட ஆடவில்லை.

"இதுவும் தெரியலம்மா."

"லேசா எரியக்கூட இல்லையாய்யா?"

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கச் சொன்னார்கள்.

மேஜைமேல் நான்கு புட்டிகள். காப்பித்தூள். பட்டை. பன்னீர். நான்காவதில் அம்மோனியா என்று ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கடைசிது வாசனையே இல்லய்யா. வெறும் எரிச்சல். அதுக்கு வேற நரம்பு. மூக்கு அடியோட போனவங்களுக்கும் எரியும். எரியலன்னு சொல்றது, பொய் சொல்ல வர்றவங்க மட்டும்தான்."

வேற நரம்பு.

அப்படியானால் மூக்கு வரவில்லை.

"மொத மூணும் நெசம்மா," என்றார்.

டாக்டரம்மா அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

வராந்தாவில் சவரிமுத்து ஓடிவந்தார்.

"தெரியலன்னுதான சொன்னீங்க?"

"நாலுக்கும் அதான் சொன்னேன்."

சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு இழுத்துப் போனார். தன் செலவில் இரண்டு டீ சொன்னார். ஒரு வாய் குடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கான். வாசனை தூக்குது. மாஸ்டர், நமக்குள்ள இருக்கட்டும், நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

அவர் கிளாசை முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். ஒரு பக்க மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு நன்றாக இழுத்தார்.

சூடாக இருந்தது.