நாலாவது ஆள்

“குடும்பக் காரணம்னு எழுதியிருக்கீங்க. என்ன காரணம்?”

எக்ஸ்-ரே டெக்னீஷியன் டூட்டி சாரின் மேசையையே பார்த்தான்.

அந்த மருத்துவமனையில் இருநூற்றுப் பதினாலு பேருக்கு எப்போது வேலை, எப்போது ஓய்வு என்று அட்டவணை போடுகிறவர் டூட்டி சார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

டூட்டி மாற்றம் வேண்டுமென்றால் விண்ணப்பத்தைத் தட்டில் போட்டுவிட்டு, கூப்பிடும்போது நேரில் வந்து நிற்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் எதிரிலேயே கிழித்துப் போடுவார். போன வாரம்தான், ஒரே பெரியப்பாவை மூன்றாவது தடவையாகச் சாகடித்த ஒருவருடையது குப்பைக் கூடைக்குப் போனது.

“உண்மையச் சொல்லிடறேன் சார். நாங்க நாலு பேரு ஆன்லைன்ல கேம் ஆடறோம். செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம். அதுல ஒருத்தன் தொல்லை தாங்கல. இனிமே வராதேன்னு சொல்ல மனசு வரல. டூட்டி மாறிடுச்சுன்னா அதையே சாக்கா வெச்சுக் கழண்டுக்கலாம்.”

டூட்டி சார் பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

“யாரு அந்த ஆளு?”

“எரிமலைன்னு பேரு வெச்சிட்டிருக்கான் சார். நெஜப் பேரு தெரியாது. இங்கதான் எங்கயோ வேலை பாக்கறான். லாண்டரியா இருக்கும்.”

எதிரில் உட்கார்ந்திருந்த எரிமலை மெல்லத் தலையாட்டினார்.

ஐம்பத்தோரு வயதில், கூட விளையாட ஆள் தேடுவது வாடகைக்கு வீடு தேடுவதைவிடச் சிரமம் என்று அவர் கண்டிருந்தார். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப் போன கேம் கன்சோலில்தான் ஆட ஆரம்பித்தார். முதலில் முகம் தெரியாதவர்களோடு ஆடிப் பார்த்தார். அவர்கள் எதிரியைச் சுடுவதற்கு முன்பே இவருடைய அம்மாவைத் திட்டினார்கள். ஒரு குழு ஏழே நிமிடத்தில் வெளியே தள்ளியது. இன்னொரு குழு வயதைக் கேட்டுவிட்டுச் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டுத் தள்ளியது.

பிறகுதான் கேன்டீன் பலகையில் அந்தத் துண்டுச் சீட்டு. ‘கேம் ஆட ஒரு ஆள் தேவை. மூணு பேர் இருக்கோம்.’ கீழே குழுவின் பெயர்.

சேர்ந்தார். குரலை வைத்தே மூவரும் யாரென்று கண்டுகொண்டார்.

அந்த மூவருக்கும் தனக்கும் ஒரே மூன்று மாலைகள் ஓய்வாக வருவதற்காக, மீதிப் பேரின் அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டினார். ஏழு மாதமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மைக்கை மட்டும் அவர் திறந்ததே இல்லை. மாட்டிக்கொள்ள ஒரு ‘ம்’ போதும். ‘லீவு கிடையாது’ என்று போனில் சொல்லும் அந்தக் குரலைத் தெரியாதவர் அந்த மருத்துவமனையில் கிடையாது. அடுத்த நொடி அங்கேயும் ‘சார்’ வந்து உட்கார்ந்துவிடும்.

இப்போது அங்கே, “டேய் எரிமலை, இடது பக்கம் பாருடா” என்கிறார்கள்.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவரை டேய் என்று கூப்பிட ஆளே இல்லாமல் இருந்தது.

“ஏன், அந்த ஆளுக்கு ஆடத் தெரியாதா?”

“ஆட்டமெல்லாம் சூப்பர் சார். வாயத் திறக்க மாட்டான். ஜெயிச்சாலும் பேச மாட்டான். நான் குண்டடி பட்டுக் கெடந்து ‘காப்பாத்துடா’ன்னு கத்துவேன். வந்து காப்பாத்திட்டு அவன்பாட்டுக்குப் போயிடுவான். ஒரு ஐயோ இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. பொணத்தோட ஆடற மாதிரி இருக்கு சார்.”

“கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க.”

கதவு சாத்தியதும் மேசைக்கு அடியில் போனை எடுத்தார். குழுவின் அரட்டையில் ‘வந்துட்டேன்’ என்பதைத் தவிர அவர் இதுவரை எதுவும் எழுதியதில்லை.

‘எனக்கு டூட்டி மாத்திட்டாங்க. இனிமே வர முடியாது. நீங்க ஆடுங்க.’

அனுப்பினார்.

அழுகிற முகங்கள் மூன்று வந்து விழுந்தன. மூன்றும் ஒரே நிமிடத்தில்.

பாசக்காரப் பிள்ளைகள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. பல்வலி சட்டென்று நின்றுபோனவனின் களை டெக்னீஷியன் முகத்தில் இருந்தது.

“சார், எனக்கு டூட்டி மாத்த வேணாம் சார். பழையபடியே இருக்கட்டும். அப்ளிகேஷனைத் திருப்பிக் குடுத்துடுங்க.” தலையைச் சொறிந்தான். “அப்படியே அந்த பிசியோதெரபி அண்ணன், பிளட் டெஸ்ட் அக்கா... காலைல தட்டுல போட்டாங்களாம். அதையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

டூட்டி சார் தட்டைப் புரட்டினார்.

இருந்தன. மூன்று விதக் கையெழுத்து. ஒரே காரணம். மூவரும் ஓய்வு கேட்டிருந்த கிழமைகளும் ஒன்றே: திங்கள், புதன், வெள்ளி.

மூன்றையும் ஒன்றாக அடுக்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சரிசெய்து, நீட்டினார். கிழிக்கவில்லை.

“ரொம்ப தேங்க்ஸ் சார்.” வாசல் வரை போனவன் திரும்பினான். “சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது கேம் ஆடுவாங்களா? நாலாவதா ஒரு ஆளு இருந்தாத்தான் ஆட முடியும்.”

டூட்டி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒருத்தர் இருக்காரு,” என்றார். “ஆனா வாய் ஓயவே ஓயாது. பரவாயில்லையா?”