கமராவுக்கு மேலே ஒரு துண்டு

"பத்து மணியானா கமராவுக்கு மேல துண்டு விழுது. பத்தரைக்குத்தான் எடுக்கிறீங்க. அந்த நேரத்துல எங்க புள்ளைங்கள என்ன செய்றீங்க, ஹில்டாக்கா?"

அழகமுத்து மேசையில் ஓங்கித் தட்டினார். தோட்ட மக்களின் நலன்களைக் கவனிக்கும் வெல்பெயார் ஐயா பிரதீபனின் தேநீர்க் கோப்பை ஒருமுறை துள்ளி அடங்கியது.

ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர்களுக்கு அழகமுத்துதான் தலைவர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்வது பிள்ளைக் காம்பராவில். அங்கே கமரா வேண்டுமென்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கியவரும் அவர்தான். மாட்டிய அன்று தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கமராவுக்குப் பொட்டும் வைத்தார். நல்லவேளை, கண்ணாடியில் வைக்கவில்லை.

பிள்ளைக் காம்பராவின் ஆயா ஹில்டா. யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லாதவள்.

"பத்து மணிக்குத் தாய்மாருங்க மலையிலருந்து பால் குடுக்க வர்றாங்க தலைவரே. அத ஊரே பாக்கணுமா? கமரா படம் தெரியுற டிவி எங்க இருக்கு? இந்தா, இந்த ஆபீஸ்லதான். சம்பளச் சீட்டு வாங்க வர்ற ஆம்பளைங்க எல்லாம் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

பிரதீபன் தலையாட்டினார். சுவரில் இருந்த டிவியை அவரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"நான் என்ன பொம்பளைங்க மானத்துக்கு எதிரியாங்க ஐயா?" அழகமுத்து குரலைத் தணித்தார். "என் மகன் தனுஷன் வீட்ல பால் போத்தல வாயில வச்சாலே தட்டி விட்டுட்டுக் கத்துறான். காம்பராவுல மட்டும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான். அது எப்படி? எங்கயோ ஒரு எடத்துல இருமல் பாணி மருந்தக் குடுத்துப் புள்ளைங்கள தூங்க வச்சாங்களாம். பேஸ்புக்ல பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"மாதா மேல சத்தியமா நான் ஒரு சொட்டு மருந்து குடுத்ததில்ல!"

"பத்து மணிக்கு யார் யாரு வர்றாங்க?" பிரதீபன் கேட்டார்.

"அனிற்றா வரும். அப்புறம்..." ஹில்டா ஒரு கணம் தயங்கினாள். "ரொபர்ட் சம்சாரம் ஜீவராணி வரும்."

அழகமுத்துவின் முகம் கறுத்தது.

ஜீவராணி அவருடைய கூடப்பிறந்த தங்கை. ரொபர்ட்டை விரும்பி, அண்ணன் பேச்சைக் கேட்காமல் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றே, 'எனக்குத் தங்கச்சியே கிடையாது' என்று அழகமுத்து ஊரறியச் சொல்லிவிட்டார். ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தாலும் இரண்டு வீடும் முகம் பார்ப்பதில்லை.

"அவ உள்ள இருக்கிற நேரத்துலயா கமராவ மூடுறீங்க? என் மேல உள்ள கோவத்த என் புள்ள மேல காட்டிட்டா நான் என்ன செய்வேன்? கோயில் கோயிலா அலைஞ்சு பெத்த புள்ள ஐயா அது!"

தலைவரின் குரல் உடைந்துவிட்டது. அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

பிரதீபன் சற்று யோசித்தார். "நீங்க பயப்படுறதும் ஞாயம். ஹில்டாக்கா சொல்றதும் ஞாயம். ஒண்ணு செய்வோம். காம்பரா மூலையில ஒரு திரை கட்டுவோம். தாய்மாருங்க அதுக்குள்ள பால் குடுக்கட்டும். கமரா தெறந்தே இருக்கட்டும். யாரு எந்தப் புள்ளயத் தூக்குறாங்க, எங்க கொண்டு போறாங்கன்னு தெரிஞ்சாப் போதும்தானே? டிவியையும் என் ரூமுக்குள்ள மாத்திர்றேன்."

"எனக்குச் சம்மதம்," என்றார் அழகமுத்து.

"அது சரிவராதுங்க ஐயா," என்றாள் ஹில்டா.

பிரதீபன் திகைத்துப் போனார். அவள் கேட்டதைத்தானே கொடுக்கிறார்? இதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

"பாத்தீங்களா ஐயா! குட்டு வெளிப்பட்டிருச்சு!" அழகமுத்து துள்ளி எழுந்தார்.

"ஹில்டாக்கா, காரணத்தச் சொல்லுங்க. இல்லாட்டி உங்கள வேலைய விட்டு நிப்பாட்டுறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

வீட்டில் சம்பாதிப்பது ஹில்டா ஒருத்திதான் என்பது பிரதீபனுக்கும் தெரியும்.

"நிப்பாட்டிருங்க ஐயா. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன். சொல்ல மாட்டேன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அழகமுத்துவின் மனைவி விஜயகலா நின்றுகொண்டிருந்தாள். விசாரணை நடக்கும் செய்தி மலைக்கு எட்டி, கொழுந்துப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறாள்.

"ஹில்டாக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. துண்டு போடச் சொன்னது நான்தான்."

"நீயா?" அழகமுத்து அதிர்ந்து போனார். "கமரா கேட்டு நான் அலையுறேன், நீ மூடச் சொன்னியா? எதுக்குடி?"

"யாரு நம்ம புள்ளயத் தூக்குறாங்கன்னு நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான். பாத்திருந்தா அன்னைக்கே தடுத்திருப்பீங்க." விஜயகலா அழத் தொடங்கினாள். "காய்ச்சல்ல எனக்குப் பால் வத்திப் போனதுலருந்து, தெனமும் தன் புள்ளைக்கு ஒரு பக்கமும் நம்ம தனுஷனுக்கு ஒரு பக்கமுமா பால் குடுக்கிறது உங்க தங்கச்சிதாங்க!"