உபட்டூபா பச்சை

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு அடிக்க இருபது நிமிடம். பன்னிரண்டுக்குக் கல் பட்டறையின் இரும்புக் கதவு இறங்கிவிடும்.

ஜுரேமா ஓர் இடத்தில் நிற்கவில்லை. நின்றால் இடது கால் மரத்துப்போகிறது. சாய்த்து அடுக்கிய கல் பலகைகளுக்கு நடுவே, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்ப்பவர்களுக்குக் கல்லைத் தடவிப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை விட்டோரியா நகரத்தில் டாக்டர் சொன்னதை அவள் இன்னும் புருஷன் டெசியோவிடம் சொல்லவில்லை. அன்று அவன் லாரியில் இருந்தான். வெறும் நரம்புப் பிடிப்பு என்று போனில் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அவர்கள் வீட்டுச் சமையல் மேடைக்கான கல்லை அறுத்துவிடுவார்கள். அறுத்த கல்லை ஒட்ட முடியாது. அதற்குள் அவனிடம் சொல்லியாக வேண்டும்.

டெசியோ வெள்ளைக் குவார்ட்ஸ் பலகையின் மேல் கை வைத்துக்கொண்டு, அதைத் தானே வார்த்தெடுத்தவன் போல நின்றான்.

“இந்தா, உன் வெள்ளை. பத்து வருஷமா என் காதைத் தின்னியே. எடுத்துக்கோ.”

உண்மைதான். குவாராபரியில் அவன் அக்கா வீட்டுச் சமையல் மேடையைப் பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நரம்பு நரம்பாகச் சாம்பல் நிறம் ஓடும் அதே வெள்ளை.

“கிரானைட்டும் பார்த்துடலாமே,” என்றாள்.

டெசியோ திரும்பினான். மலையில் வெட்டிய கிரானைட் பாறைகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போவதுதான் அவன் பிழைப்பு.

“நாள் பூரா முதுகுக்குப் பின்னாடி அதைத்தான் இழுத்துட்டுப் போறேன். வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியிலதான் முழிக்கணுமா?”

பட்டறைக்காரர் வெனான்சியோ சிரித்தார்.

“இந்தக் கிரானைட்டு ஊரு கஷொயேரோவுல பொறந்துட்டு குவார்ட்ஸ் கேக்குறான் பாரு, தங்கச்சி. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கல்லறையைத் தள்ளிட்டு வந்துருவாரு. நல்லவேளை, அதுவும் கிரானைட்டு. லேசுல தள்ள முடியாது.”

ஜுரேமா சிரிக்கவில்லை.

“கொதிக்கிற குக்கரை அடுப்புலேர்ந்து அப்படியே வெள்ளை மேல வைக்கலாமாண்ணே?”

“வச்சுடாத. அது கல்தூளைப் பசை போட்டு வார்த்தது. வட்டமா மஞ்சள் தழும்பு விழுந்துரும். அடியில பலகை போட்டுத்தான் வைக்கணும்.”

“கிரானைட்டுல?”

“அடுப்பையே தூக்கி வையி.”

“தூக்க வேண்டாம். இழுத்தா?”

“இழு. இவன் லாரியையே இழு. ஒரு கீறல் விழாது.”

அவள் கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே உபட்டூபா பச்சை என்ற கிரானைட் நின்றது. தூரத்தில் கறுப்பு, கிட்டப் போனால் பச்சை. மருந்துக்கடை மேசை அது. மாதா கோவில் படி அது. பேருந்து நிலையக் கழிப்பறைகூட அதுதான். ஊரில் அதை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை.

“இது,” என்றாள்.

டெசியோவின் முகம் விழுந்துவிட்டது. இந்த வெள்ளைக்காக அவன் மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டி ஓட்டியிருந்தான்.

“காசைப் பார்க்காத, ஜுரேமா. நான் பார்த்துக்கிறேன்.”

“காசுக்காக இல்ல.”

“பின்ன எதுக்கு?”

அவள் வாயைத் திறந்தாள்.

பின்கட்டில் ரம்பம் ஓடத் தொடங்கியது. கல்லும் தண்ணீரும் சேர்ந்து அலறின. ரம்பம் நிற்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நின்றபோது அவள் வாய் மூடியிருந்தது.

“சரி, பச்சை,” என்றான் டெசியோ. ஆனால் வெள்ளையின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

வெனான்சியோ கடிகாரத்தைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். மற்ற அளவுகளை முன்பே வீட்டில் எடுத்துப் போயிருந்தார். உயரம்தான் பாக்கி. அதை அவர் சுவரைப் பார்த்து எடுப்பதில்லை. சமைக்கிறவள் செருப்பைக் கழற்றி, நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்க வேண்டும். அதற்கு நாலு விரல் கீழே மேடை. அவர் போட்ட மேடைகள் எந்த இரண்டு வீட்டிலும் ஒரே உயரமாக இருந்ததில்லை.

“வா தங்கச்சி. செருப்பைக் கழட்டிட்டு நேரா நில்லு.”

அவள் செருப்பைக் கழற்றினாள்.

நிற்கவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். முழங்கையை மடக்கினாள்.

“இப்ப அளங்க.”

டெசியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“பாருங்கண்ணே மகாராணிய! இனிமே உக்காந்துக்கிட்டேதான் சமைப்பாளாம்!”

வெனான்சியோவும் சிரித்துக்கொண்டே குனிந்து, நாடாவின் நுனியைத் தரையில் வைத்தார்.

மடக்கிய கையை அவள் இறக்கவில்லை.

“கீழ அலமாரி வேண்டாம்ணே.” வெனான்சியோவைப் பார்த்துத்தான் சொன்னாள். “காலியா விட்டுருங்க. முட்டி உள்ள போகணும். சக்கரமும் போகணும்.”

வெனான்சியோ நாடாவை விட்டுவிட்டார். அது சர்ரென்று சுருண்டு கூட்டுக்குள் போனது.

டெசியோவின் வாயில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் இடது காலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வெள்ளைக் கல்லிலிருந்து கையை எடுத்தான்.

“நம்ம வாசல்ல மூணு படி இருக்கே, ஜுரேமா?”