மேனேஜர் தேர்ந்தெடுத்த பிராசஸர்

விற்கக் கொண்டுவந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் அலுவலகக் கவுண்டரில் அருகருகே வைத்துவிட்டு, காலை முழுக்கக் கடிகாரமும் கையுமாக நின்றிருந்தார் டெக்னீஷியன். மேனேஜரின் அறைக்குள் நுழையும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“சார், பிராசஸர் மட்டும்தான் வேற, மத்ததெல்லாம் ஒண்ணு. இடது பக்கத்து மெஷின் ஒரு ஃபாரத்தை நாற்பது செகண்ட்ல பதிவு பண்ணிடுது. வலது பக்கத்துது ஆறு நிமிஷம் மென்னு முழுங்குது.”

“வரிசை எப்படி இருந்துச்சு?”

“ரெண்டு பக்கமும் அறுபது பேர் சார். இடது பக்கம் எல்லாருக்கும் வேலை முடிஞ்சுது. வலது பக்கம் இருபது பேருக்குத்தான். மீதிப் பேர் கடுப்பாகி வீட்டுக்குப் போயிட்டாங்க.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாற்பது பேரா? நல்லா எண்ணினீங்களா?”

“எண்ணினேன் சார். பாவம், ஒருத்தர் ஃபாரத்தையே கிழிச்சுப் போட்டுட்டார்.”

“அப்போ வலது பக்கத்து மெஷின்லயே பத்து கொடுத்துடுங்க.”

டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், விலையைப் பாக்காதீங்க. ரெண்டையும் ஒரே விலைக்குத் தரேன்!”

“விலைக்காக இல்லீங்க. நீங்க காலைல நின்னது புகார் கவுண்டர்தானே? இந்த வருஷம் புகார் எண்ணிக்கை பாதியாக் குறையணும்னு மேலிடத்து உத்தரவு.”

டெக்னீஷியன் ஆர்டர் புத்தகத்தில் ‘பத்து’ என்று எழுதிக்கொண்டார்.

“அப்போ அந்த வேகமான மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடவா சார்?”

“ஐயையோ, அது வேணும்! பக்கத்து ரூம்ல பில் பணம் கட்டுற கவுண்டர் இருக்கு. அங்க வைங்க. பணம் கட்ட வர்றவங்களைக் காக்க வைக்கலாமா?”