சாக்குக்குக் கீழை வல்லாரை

"இல்லையெண்டு சொல்லிப்போட்டுச் சாக்குக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருக்கிறது என்னக்கா, புல்லே?"

உதயகலா போட்ட சத்தத்தில் இணுவில் சந்தியே திரும்பிப் பார்த்தது.

கீரை விக்கிற கனகாம்பிகை ஈரச்சாக்கை இழுத்து மூடினாள். "அது விக்கிறதுக்கில்லைப் பிள்ளை. பூசணி கிடக்கு, மரவள்ளி கிடக்கு. கொண்டு போ."

"மரவள்ளியைத் திண்டிட்டே என்ரை பிள்ளை சோதினை எழுதிறது? நாளைக்கு ஓ.எல். தொடங்குது. வல்லாரைச் சம்பல் இல்லாட்டி அவளுக்கு ஒரு வரி மனசிலை நிக்காது."

"ரெண்டு கிழமை பொறன்."

"சோதினை பொறுக்குமே?"

கனகாம்பிகை சாக்கின் ஓரத்தை இன்னும் இறுக்கிச் செருகினாள்.

உதயகலாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. தோட்டவெளிக்குப் பின்னால் குப்பைமேடு எரியத் தொடங்கி நாலு நாள். புகைக்குப் பயந்து பாதிச் சனம் சந்திப் பக்கமே வாறதில்லை. பழகின முகமெண்டு தேடி வந்தவளுக்கு இந்த மரியாதை!

"விளங்குது. கனடாவாலை வந்து நிக்கிற ஆக்களுக்கு எடுத்து வைச்சிருக்கிறியள். நல்லா இருங்கோ!"

பின்னேரம் கண்ணாடிக் கதவு போட்ட சுப்பர்மாக்கெற்றுக்குப் போனாள். குளிர்பெட்டிக்குள் பொலித்தீன் சுற்றின வல்லாரை பளபளவென்று கிடந்தது. விலை ரெண்டு மடங்கு. கிடக்கட்டும், புகை படாத சாமான். இனிச் செத்தாலும் ரோட்டோரத்தில் வாங்கமாட்டன் என்று மனசுக்குள் சபதமும் போட்டாள்.

ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும் வழியில், தன் தோட்டத்து மூலையில் கனகாம்பிகை. அதே சாக்கு. வல்லாரை முழுவதையும், குப்பை மக்க வெட்டின பசளைக் கிடங்குக்குள் கொட்டிக்கொண்டு நின்றாள்.

உதயகலாவுக்கு விசரே பிடித்தது. "கிடங்கிலை கொட்டினாலும் கொட்டுவியள், என்ரை பிள்ளைக்குத் தரமாட்டியள், என்ன?"

"கத்தாதை பிள்ளை. சந்திக்குக் கொண்டந்த பிறகு மூண்டு தரம் அலசினன். தண்ணி கறுப்பாத்தான் வந்தது. பிளாஸ்ரிக் எரிஞ்ச கரி. தோல் சீவுற சாமானெண்டால் பரவாயில்லை. வல்லாரையை நீ பச்சையா அரிஞ்செல்லோ குடுப்பாய்? இதைச் சந்தியிலை வைச்சுச் சொன்னால் என்ரை பூசணியையும் ஒருத்தரும் தொடாயினம்."

வெறும் சாக்கை உதறினாள்.

"காலமை சுப்பர்மாக்கெற் வானும் வந்து கேட்டது. மாட்டன் எண்டிட்டன். பக்கத்துத் தோட்டத்துச் சுரேஸ் தன்ரையை அப்பிடியே ஏத்திவிட்டான்."

"எந்த... எந்தச் சுப்பர்மாக்கெற்?"

 கனகாம்பிகை ஸ்கூட்டியில் தொங்கின சுப்பர்மாக்கெற் பையைத்தான் பார்த்தாள்.